அப்கிரேட் கேட்காமல் விட்ட கேள்விகள்

லினக்ஸ் சர்வரில் அப்கிரேட் ஓடும்போது பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நிறுவும் டிபிகேஜி (dpkg) நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும். "இந்த கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகள் எழுதிய ஃபைலை) நீங்களோ ஏதோ ஒரு ஸ்கிரிப்டோ மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜ் தரப்பிலிருந்தும் புதுசு வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ள?" என்று. அதற்கு எங்கே புதியதை எடுக்க ஒய் (Y) அடிப்பது, எங்கே பழையதை வைத்துக்கொள்ள என் (N) அடிப்பது என்று நன்றாகப் படித்துத் தயாராகித்தான் போனேன். வந்த கேள்விக்கெல்லாம் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அடி விழுந்ததெல்லாம் கேள்வியே வராத இடங்களில். அதைப் பற்றி முன்னாலேயே ஒருத்தர் சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கமும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடம் குளச்சல் பக்கம் ஒரு மீன் ஏலக் கமிஷன் கடை. பின்னறையில் ஒரு பழைய டவர் பிசி, அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ், வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பில்லிங் ஆப் ஓட பிஎச்பி, டேட்டாபேஸாக மரியாடிபி. ஏலம் போகும்போது டேப்லெட்டில் வரி வரியாக ஏற்றுவார்கள். எந்தப் படகு, என்ன மீன், எவ்வளவு எடை, என்ன விலை, யார் எடுத்தார், கமிஷன் எவ்வளவு என்று. இதையெல்லாம் முதலில் அமைத்துக் கொடுத்தவர் இப்போது வளைகுடாவில் இருக்கிறார். எதை எங்கே மாற்றினார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. நான் நாகர்கோவிலில் இருந்து இந்த மாதிரி சின்னச் சின்ன இடங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். 2024 ஆகஸ்டில் டெபியன் 11-இன் வழக்கமான பாதுகாப்புக் கவனிப்பு முடிந்து நீண்ட காலக் கவனிப்புக்கான எல்டிஎஸ் குழுவின் கைக்குப் போகிறது, அதற்கு முன்னால் 12-க்கு ஏற்றிவிடலாம் என்று முதலாளி அண்ணனிடம் சொன்னேன். ஜூலையில் செய்யலாம் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டோம். காரணம், நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூலையில் வள்ளக்காரர்கள் கொண்டுவரும் மீன் மட்டும்தான். சர்வரை நிறுத்தி வேலை பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குள்ளேயே ஒரு கண்ணி இருந்தது, அது பின்னால்.

டிபிகேஜி எப்போது கேள்வி கேட்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பேக்கேஜோடு வரும் ஒவ்வொரு கான்ஃபிக் ஃபைலுக்கும் ஒரு எம்டி5 கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு குறியை) அது குறித்து வைத்திருக்கிறது. புதுப் பதிப்பு வரும்போது மூன்றை ஒப்பிடும்: போன முறை பேக்கேஜ் கொடுத்தது, இப்போது டிஸ்கில் இருப்பது, இப்போது பேக்கேஜ் கொண்டுவருவது. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் புதியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். பேக்கேஜ் தரப்பில் மாற்றம் இல்லை என்றால் உங்களுடையதைத் தொடாது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும்தான் கேள்வி. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் மாதிரி சில ஃபைல்களை யுசிஎஃப் என்கிற இன்னொரு கருவி பார்த்துக்கொள்ளும், அப்போது கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கேள்வி வராமல் பெட்டி போட்ட மெனு வரும். விஷயம் ஒன்றுதான்.

அந்த டவர் பிசியில் முதலில் கேட்டது எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிக். போர்ட்டை, அதாவது நுழையும் வாசலின் எண்ணை, மாற்றியிருந்தார் பழைய ஆள், பாஸ்வேர்டை நிறுத்திச் சாவி மட்டும் வைத்திருந்தார். பழையதையே வைத்துக்கொண்டேன். தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு ஃபைலில் அவசரப்பட்டு பேக்கேஜின் பதிப்பை எடுத்துவிட்டால் போர்ட் 22-க்குத் திரும்பிவிடும், ஃபயர்வாலில் பழைய போர்ட்தான் திறந்திருக்கும், அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தை வழியாகக் கிளம்ப வேண்டியதுதான். அடுத்து மரியாடிபியின் 50-சர்வர் ஃபைல். டி (D) அடித்து வித்தியாசத்தைப் பார்த்தேன். இன்னோடிபி பஃபர் பூலை, அதாவது டேட்டாபேஸ் மெமரியில் எடுத்துக்கொள்ளும் இடத்தை, 2 ஜிபி என்று உயர்த்தியிருந்தார், ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது 128 எம்பி. இதிலும் என் அடித்தேன். வித்தியாசம் திரை நிறைய ஓடிக் குழப்பினால் இசட் (Z) அடியுங்கள், கமாண்ட் அடிக்க ஒரு ஷெல் திறக்கும், நிதானமாக இரண்டு ஃபைலையும் பார்த்துவிட்டு எக்ஸிட் கொடுத்தால் விட்ட கேள்விக்கே திரும்பி வரும். நிறையப் பேருக்கு இந்த இசட் இருப்பதே தெரியாது.

என் அடித்தால் எல்லாம் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதிதான் சரி. என் அடித்தால் உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும், பேக்கேஜின் புதியது பக்கத்திலேயே டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால் ஒட்டி உட்காரும். ஒய் அடித்தால் உங்கள் பழையது டிபிகேஜி-ஓல்ட் என்று ஆகும். யுசிஎஃப் பார்த்துக்கொள்ளும் ஃபைல்களுக்கு வால் யுசிஎஃப்-டிஸ்ட், யுசிஎஃப்-ஓல்ட். முக்கியமான விஷயம், என் அடித்த பிறகு டிபிகேஜி அந்தப் புதுக் கைரேகையையும் குறித்துக்கொள்ளும். பேக்கேஜ்காரர் மறுபடி அந்த ஃபைலை மாற்றுகிற வரைக்கும் திரும்பக் கேட்காது. புதுப் பதிப்பில் ஏதாவது பாதுகாப்புக்காக ஒரு வரி சேர்த்திருந்தாலும் சரி, காலாவதியான ஒன்றை நீக்கியிருந்தாலும் சரி, உங்களுக்கு யாரும் நினைவுபடுத்தப் போவதில்லை. அதனால் அப்கிரேட் முடிந்த அன்றே கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் எட்ஸி (/etc) ஃபோல்டர் முழுக்க இந்த வால் உள்ள ஃபைல்களை ஃபைண்ட் கமாண்டில் தேடி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அழித்துவிடுங்கள். நான் அன்றே செய்தேன். மரியாடிபியில் புது ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் மாற்றங்களை மட்டும் 99 என்று தொடங்கும் தனி ஃபைலில் போட்டேன். அடுத்த அப்கிரேடில் அந்தக் கேள்வியே வராது.

ரீபூட் பண்ணியதும் பிரவுசரில் 502 வந்தது, அதாவது என்ஜின்எக்ஸால் பிஎச்பியோடு பேச முடியவில்லை என்ற பிழை. இது எதிர்பார்த்ததுதான். டெபியன் 11-இல் பிஎச்பி 7.4, 12-இல் 8.2. என்ஜின்எக்ஸ் தள ஃபைலில் பிஎச்பியோடு பேசும் சாக்கெட்டுக்குப் பழைய பதிப்பின் பெயர் எழுதியிருந்தது, அதை மாற்றி, டெஸ்ட் பண்ணி, ரீலோட் கொடுத்ததும் பில்லிங் திரை வந்துவிட்டது. கணக்கு பார்க்கும் அக்கா அன்றைய வள்ளக் கணக்கை ஏற்றிப் பார்த்தார், முப்பது நாற்பது வரி இருக்கும், சாளையும் நெத்திலியும். "கொள்ளாம் தம்பி, முன்னைக்கு வேகமாத்தான் இருக்கு" என்றார். பேசிய கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜூலை முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வரத் தொடங்கின. கணவாய், நவரை, கிளாத்தி என்று ஏலம் சூடு பிடித்தது. ஒரு நாள் ராத்திரி பத்து மணி வாக்கில் முதலாளி அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்குப் போட்ட கணக்குல பாதி மீனைக் காணல. திரும்பக் கடலுக்கே போயிட்டா?" சிரிப்பாகத்தான் சொன்னார், ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் யாரோ வியாபாரி சத்தம் போடுவது கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் ஊரில் வெப்ராளம் என்போமே, அதுதான், கை நடுங்கிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் சந்தேகம் மரியாடிபி மேல், நான் கைவைத்த இடம் அதுதானே. டேபிள்களைச் சரிபார்த்தேன், லாகைப் பார்த்தேன், பேக்கப்போடு ஒப்பிட்டேன், ஒன்றும் இல்லை. இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த அந்த வளைகுடா ஆளுக்கு மெசேஜ் போட்டேன், அங்கே அவர் வேலையில் இருந்திருக்க வேண்டும், பதில் இல்லை. வெளியே ஆடிக் காற்று, இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது, ஒவ்வொரு தடவையும் வீட்டு இணைப்பு அறுந்து மறுபடி நுழைய வேண்டியிருந்தது. நடுராத்திரி தாண்டி டேபிளையே வரி வரியாகப் பார்த்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பெரிய ஏலப் பட்டியல் ஒவ்வொன்றும் சரியாக 124 வரி முழுதாக இருக்கிறது, 125-வது வரி பாதியில் நிற்கிறது, அதில் விலை இருக்கிறது, வாங்கினவர் பெயர் இல்லை. ஒரு வரிக்கு 8 கட்டம். பெருக்கிப் பாருங்கள், மேலே தேதி மாதிரி சில கட்டங்களையும் சேர்த்தால் 1000. அப்புறம் பிஎச்பி எர்ரர் லாகில் தேடினால் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, உள்ளீட்டு மாறிகள் (ஒவ்வொரு கட்டமும் ஒன்று) 1000-ஐத் தாண்டிவிட்டன, வரம்பை உயர்த்த மேக்ஸ்-இன்புட்-வார்ஸை (max_input_vars) மாற்றவும் என்று. வெறும் வார்னிங்தான். பிஎச்பி மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரும், திரையில் "சேமிக்கப்பட்டது" என்று பச்சையாக வரும்.

பழைய ஆள் பிஎச்பி 7.4-இன் கான்ஃபிக்கான ஐஎன்ஐ ஃபைலில் அந்த வரம்பை 5000 ஆக்கியிருந்தார். டெபியனில் பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் எட்ஸியில் தனி ஃபோல்டர், 7.4-க்கு ஒன்று, 8.2-க்கு ஒன்று. டிபிகேஜி பார்வையில் 8.2 என்பது பழையதன் புதுப் பதிப்பு கிடையாது, முற்றிலும் வேறு பேக்கேஜ். புதிதாக நிறுவும் பேக்கேஜில் நீங்கள் மாற்றியது என்று எதுவுமே இல்லை, அப்புறம் என்ன கேள்வி கேட்கும்? பழைய ஃபோல்டர் அப்படியே பத்திரமாகக் கிடக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை, 13-க்கு ஒரு ஃபோல்டர், 15-க்கு இன்னொன்று. அங்கே டேட்டாவையே பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் என்ற கருவியால்தான் நகர்த்த வேண்டும் என்பதால் ஆட்கள் கொஞ்சம் உஷாராக இருப்பார்கள். பிஎச்பியில் அந்த உஷார் வருவதில்லை, ஏனென்றால் ஓடிவிடுகிறது. 502 மாதிரி சத்தமாக உடைவது நல்லது, அஞ்சு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். முக்கால்வாசி வேலை செய்கிற சர்வர்தான் ஆளைக் கொல்லும். தடைக்காலத்தில் வேலையை வைத்துக்கொண்டதில் இருந்த கண்ணியும் இதுதான், 40 வரிப் பட்டியலில் 1000 எங்கே வரும்?

வரம்பை 5000 ஆக்கி, பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் படகுகள் வரத் தொடங்கிய நாளிலிருந்தே பெரிய பட்டியல்களின் வால் அறுந்துகொண்டு இருந்திருக்கிறது. கடனுக்கு எடுத்த வியாபாரிகளின் கணக்கில் ரூ.80,000-க்கு மேல் பதிவே ஆகவில்லை. ஏலம் கூறுகிறவர் பழக்கத்தை விடாமல் கையால் ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருந்தார், அதை வைத்துக்கொண்டு அக்காவும் நானும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். நோட்டு மழையில் நனைந்து சில பக்கம் ஒட்டிப்போயிருந்தது, எடை தெரியும், பெயர் தெரியாது. பெரும்பாலான வியாபாரிகள் அவர்களாகவே ஒத்துக்கொண்டு கொடுத்தார்கள், சிலர் "பில்லுல இல்லாததுக்கு நான் எதுக்குத் தரணும்" என்று நின்றார்கள், அதுவும் நியாயம்தானே. முழுதாக வசூலாகவில்லை. என் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார், எனக்குத்தான் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

இப்போது பிஎச்பி இருக்கிற எந்த சர்வரிலும் அப்கிரேடுக்கு முன்னால் நான் செய்வது ஒன்று உண்டு. பேக்கேஜ் கொடுத்த அசல் ஐஎன்ஐ ஃபைல் யுஎஸ்ஆர் கீழே லிப் ஃபோல்டரில், பிஎச்பி பதிப்பு எண்ணுக்குள், புரொடக்‌ஷன் என்ற வாலோடு இருக்கிறது. அதையும் எட்ஸியில் இருப்பதையும் ஒப்பிட்டு டிஃப் போட்டால் அந்த இடத்தில் ஆட்கள் கைவைத்த வரிகள் மட்டும் வந்து விழும். பெரும்பாலும் பத்து வரிகூட இருக்காது. அந்த வரிகளை மட்டும் தனி ஐஎன்ஐ ஃபைலாக்கி, பிஎச்பி கூடுதலாகப் படிக்கும் கான்ஃப்-டி (conf.d) ஃபோல்டரில் பெயருக்கு முன் 99 போட்டு வைக்கிறேன், எட்ஸிக்கு வெளியே ஒரு நகலும். பதிப்பு மாறினால் புது ஃபோல்டருக்கு அதைக் காப்பி செய்தால் போதும். இன்னொன்று, பழைய பிஎச்பியை நீக்கும்போது பர்ஜ் கொடுக்காதீர்கள், வெறும் ரிமூவ் போதும். பர்ஜ் பண்ணினால் பழைய கான்ஃபிக்கும் சேர்ந்து போய்விடும். அன்று ராத்திரி 5000 என்ற எண்ணை நான் கண்டுபிடித்ததே அந்தப் பழைய ஃபோல்டர் மிச்சம் இருந்ததால்தான்.

இதோடு விட்டதா என்றால் இல்லை. அதே மாதம் இன்னொரு நாள் காலையில் கரண்ட் போய் வந்த பிறகு பில்லிங் திரை திறக்கவில்லை. சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் மட்டும் செத்துக் கிடந்தது. கையால் ஸ்டார்ட் பண்ணினால் உடனே எழுந்தது. முன்பெல்லாம் இதே மாதிரி கரண்ட் போனாலும் தானாக வந்துவிடுமே என்றார்கள், உண்மைதான். என்ன நடந்தது என்றால், என்ஜின்எக்ஸ் அந்தக் கடையின் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியில்தான் கேட்கும்படி எழுதியிருந்தது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்து முகவரி கொடுப்பதற்குள் சர்வர் எழுந்துவிடும், இல்லாத முகவரியில் உட்காரப் பார்த்து என்ஜின்எக்ஸ் விழுந்துவிடும். பழைய ஆள் அதற்கு, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் இரண்டு வரி சேர்த்திருந்தார், விழுந்தால் 10 விநாடி கழித்து மறுபடி எழுப்பு என்று. ஆனால் அதை லிப் ஃபோல்டரில் இருக்கிற பேக்கேஜின் சொந்த யூனிட் ஃபைலிலேயே எழுதிவிட்டார். அது கான்ஃபிக் ஃபைல் கணக்கில் வராது, ஒரு புரோகிராம் ஃபைல் மாதிரிதான். புதுப் பதிப்பு வந்தால் கேள்வி இல்லை, பழையதன் நகலும் இல்லை, மேலே எழுதிவிட்டுப் போய்விடும்.

இந்த மாதிரி மாற்றத்துக்கு உரிய வழி சிஸ்டம்சிடிஎல் எடிட். அது எட்ஸிக்குள் ஒரு ஓவர்ரைடு (override) ஃபைலை உண்டாக்கி அதில் உங்கள் வரிகளை மட்டும் வைக்கும், அப்கிரேட் அதைத் தொடாது. சரி, முன்பு யாரோ லிப்பிலேயே கைவைத்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிபிகேஜிக்கு வெரிஃபை என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அசலிலிருந்து மாறிய ஃபைல்களையெல்லாம் வரிசையாகச் சொல்லும். கான்ஃபிக் ஃபைல் என்றால் பாதைக்கு முன்னால் ஒரு சி எழுத்து இருக்கும். சி உள்ள வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், கேட்காமல் அவற்றின் மேல் எழுதாது. சி இல்லாமல் ஒரு வரி வந்தால் அங்கேதான் நிற்க வேண்டும், அடுத்த அப்கிரேடில் அது சொல்லாமல் கொள்ளாமல் போகப் போகிறது. யுசிஎஃப் பார்த்துக்கொள்ளும் ஃபைல்கள், அதாவது பிஎச்பி ஐஎன்ஐ, எஸ்எஸ்எச் மாதிரியானவை, இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு யுசிஎஃப்கியூ என்று தனியாக ஒன்று இருக்கிறது, பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் எது மாறியிருக்கிறது என்று காட்டும். இந்த இரண்டையும் ஓட்ட அஞ்சு நிமிஷம் ஆகாது.

புதிதாக ஒரு சர்வர் கைக்கு வந்தால் இப்போது முதல் வேலை எட்ஸிகீப்பர் நிறுவுவது. எட்ஸி ஃபோல்டரை மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டுக்குள் (git) கொண்டுவந்து, பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட் (apt) ஒவ்வொரு முறை ஓடும்போதும் முன்னும் பின்னும் தானாக கமிட் போட்டுவிடும். எந்தப் பேக்கேஜ் எந்த வரியை மாற்றியது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பாஸ்வேர்டு ஹாஷ் எல்லாம் இருக்கும், பொது ரெப்போவுக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்புறம், இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் (tmux) இல்லாமல் தூரத்திலிருந்து அப்கிரேட் தொடங்காதீர்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றடித்தால் கரண்ட் போகும், கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தால் டிபிகேஜி அரைகுறையாக நிற்கும். எஸ்எஸ்எச்சில் கைவைத்தால் எஸ்எஸ்எச்டியை டி (-t) ஆப்ஷனோடு ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, இருக்கிற இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள்.

தனி ஃபைலில் மாற்றம் வைக்கிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், எல்லாம் ஒரே விதியில் போவதில்லை. மரியாடிபியிலும் பிஎச்பியிலும் கடைசியாகப் படித்தது வெல்லும், அதனால் 99. எஸ்எஸ்எச்சில் முதலில் படித்தது வெல்லும், அதனால் அங்கே 10 மாதிரி சின்ன எண். எஸ்எஸ்எச்சிலும் 99 போட்டுவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. பத்து சர்வருக்கு ஸ்கிரிப்டில் ஓட்டுகிறவர்கள் கேள்வி வராமல் இருக்க கான்ஃப்டெஃப், கான்ஃப்ஓல்ட் என்ற ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கொடுக்கலாம், ஆனால் டிஸ்ட் வால் ஃபைல்களைப் பிறகு தேடுகிற வேலை அப்படியே பாக்கி இருக்கிறது. தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று, கான்ஃபிக் கேள்வி வரும் பேக்கேஜை அது அப்கிரேட் பண்ணாமல் தள்ளி வைத்துவிடும். அதன் லாகை மாதம் ஒருமுறையாவது பாருங்கள், பாதுகாப்பு அப்டேட் ஒன்று மாதக்கணக்கில் காத்துக் கிடக்கலாம். ஃபெடோரா மாதிரி ஆர்பிஎம் வகை லினக்ஸ்களில் கேள்வியே கிடையாது, ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்று வாலை மட்டும் விட்டுப்போகும், ஆர்ச் லினக்ஸில் பேக்நியூ.

குளச்சல் கடைக்கு அடுத்தது டெபியன் 13. 2025 ஆகஸ்ட் 9-இல் வந்துவிட்டது. அதில் பிஎச்பி 8.4, அதாவது மறுபடியும் ஒரு புது ஃபோல்டர். தடைக்காலத்திலேயே செய்யலாம் என்றுதான் அண்ணன் சொல்கிறார். எனக்கும் சம்மதம், ஆனால் இரண்டு நிபந்தனை சொல்லியிருக்கிறேன். ஒன்று, ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஜூலைக்குத் தள்ளக் கூடாது. இரண்டு, போன சீசனில் வந்ததிலேயே மிகப் பெரிய ஏலப் பட்டியலை அக்கா எடுத்துத் தர வேண்டும். சர்வரின் நகலை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, அதை அப்கிரேட் பண்ணி, அந்தப் பட்டியலை முழுக்க உள்ளே விட்டு, கடைசி வரி வரைக்கும் வந்ததா என்று எண்ணிய பிறகுதான் கடையில் இருக்கிற பெட்டியைத் தொடுவேன். அக்கா பட்டியலை எடுத்து வைத்துவிட்டார், 300 வரிக்கு மேல் இருக்கிறது.